சிசெராவின் தாய் ஜன்னலில் நிற்கிறாள்

பைபிளில் ரத்தம் வருகிற வரிகளைப் பட்டியல் போட்டு "பார்த்தீங்களா!" என்று கேட்பவர்கள் ஒரு வகை. "அதெல்லாம் ஆவிக்குரிய அர்த்தம்" என்று ஒரே வாக்கியத்தில் கடந்து போகிறவர்கள் இன்னொரு வகை. ரெண்டு தரப்பும் எவ்வளவு சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு: அந்தக் கவிதைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் யாரும் படிப்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் கவிதைகளைப் பற்றி. நம்பிக்கை விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பழைய பாட்டு என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியது.

எந்த மாதிரி இடங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கீதம் 68இல் ஜெயித்தவர்களின் கால் எதிரியின் ரத்தத்தில் நனைகிறது. அவர்கள் வீட்டு நாய்களின் நாக்குக்கும் பங்கு கிடைக்கிறது. சங்கீதம் 58இல் நீதிமான் துன்மார்க்கனின் ரத்தத்தில் கால் கழுவுகிறான். சங்கீதம் 110இல் பிணங்கள் குவிகின்றன. ஏசாயா 63இல் ஏதோம் பக்கமிருந்து ஒருவர் வருகிறார், உடையெல்லாம் சிவப்பு. திராட்சை ஆலையில் மிதித்தவர் போல இருக்கிறாரே என்று கேட்டால், மிதித்தது திராட்சையை இல்லை, ஜனங்களை. யாத்திராகமம் 15இல் எகிப்தின் சேனை ஈயக்கட்டி மாதிரி கடலுக்குள் இறங்குகிறது. நியாயாதிபதிகள் 5இல் ஒரு பெண் ஒரு சேனாபதியின் தலையில் கூடார முளையை அடித்து இறக்குகிறாள்.

இதையெல்லாம் எப்படிப் படிப்பது? என் வழி ரெண்டு கட்டம். முதலில் அந்தக் காலத்தில் வெற்றிப் பாட்டு என்றால் எப்படிப் பாடுவார்கள் என்கிற பொது பாஷையைத் தெரிந்துகொள்ளணும். அப்புறம் இந்தக் குறிப்பிட்ட பாட்டு அந்தப் பொது பாஷையிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்க்கணும். முதல் கட்டத்தைப் பலரும் செய்கிறார்கள். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விஷயம் இருப்பது ரெண்டாவது கட்டத்தில்தான்.

பொது பாஷையிலிருந்தே ஆரம்பிப்போம். பைபிளுக்கு வெளியே "இஸ்ரவேல்" என்ற பெயர் வருகிற மிகப் பழைய ஆவணம் எது தெரியுமா? எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு. கி.மு. 1208 வாக்கில் செதுக்கியது. 1896இல் தீப்ஸில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார், இப்போது எகிப்தில் இருக்கிறது. அதில் இஸ்ரவேலைப் பற்றி என்ன சொல்கிறது என்றால், அது பாழாகிவிட்டது, அதற்கு வித்தே மிச்சமில்லை. அடுத்த முக்கியமான ஆவணம் மோவாபிய ராஜா மேசாவின் கல். கி.மு. 9ஆம் நூற்றாண்டு. 1868இல் இன்றைய ஜோர்டானில் உள்ள திபானில் வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது, இப்போது பாரிஸில் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனது என்று மேசாவும் அறிவிக்கிறான். ஆக ஒரு ஜனம் வரலாற்றுக்குள் நுழைவதே தன்னுடைய மரண அறிவிப்போடு. அதுவும் ரெண்டு தடவை! ரெண்டு தடவையும் அந்த ஜனம் சாகவில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் நேரடியாகக் கிடைக்கிறது. வெற்றிக் கல்வெட்டை சர்வர் லாக் மாதிரி வரி வரியாக நம்பக் கூடாது. அது காலாண்டு முடிவில் கம்பெனி விடுகிற பிரஸ் ரிலீஸ். "முற்றிலும்", "என்றென்றைக்கும்", "ஒருவனும் தப்பவில்லை" எல்லாம் அந்த வகை எழுத்தின் சம்பிரதாயம். பரணி தெரிந்த நமக்கு இது புதுசு இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிப்பதை நாம் யாரும் போர் அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. இது பரணி, இப்படித்தான் பாடுவாங்க என்று தெரியும். பைபிள் என்று வந்தவுடன் மட்டும் அந்தப் பயிற்சியைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கவும் முடியாது. மிகையாகச் சொன்னது அளவைத்தான், முறையை இல்லை. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்தான். அந்த முற்றுகையை நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். கழுவில் குத்தி நிறுத்தப்பட்ட மனிதர்கள், தோல் உரிக்கப்படுகிற கைதிகள், வண்டியில் பெண்டு பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போகிற குடும்பங்கள். எதிரியிடமிருந்து கப்பம் கொண்டுவருகிறவர்களின் கண்ணில் படட்டும் என்றுதான் இந்த மாதிரி சிற்பங்களை அரண்மனையில் வைத்தார்கள். சங்கீதங்களைப் பாடினவர்கள் இந்த உலகத்தில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலும் கழுவுக்கு அருகில், சிற்பிக்கு அருகில் இல்லை.

இனி தெய்வங்கள் பக்கம். 1928இல் சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷாம்ரா என்ற இடத்தருகே உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பை ஒரு கல்லறையில் இடித்தது. அடுத்த வருஷம் தோண்டத் தொடங்கினார்கள். வெளியே வந்தது உகாரித் என்ற நகரமும் அதன் களிமண் பலகைகளும். எபிரேயத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரியான ஒரு மொழி. அந்தப் பலகைகளில் பாகால் தெய்வத்தின் கதை இருக்கிறது. அதில் அனாத் என்ற பெண் தெய்வம் சண்டை போடுகிற காட்சி ஒன்று வருகிறது. தலைகள் பந்து மாதிரி உருள்கின்றன, வெட்டுண்ட கைகள் வெட்டுக்கிளி மாதிரி பறக்கின்றன. அவள் தலைகளை முதுகில் கட்டிக்கொள்கிறாள், கைகளை இடுப்பில் தொங்கவிடுகிறாள், முழங்கால் அளவு ரத்தத்தில் நடக்கிறாள். அதோடு திருப்தி ஆகாமல் வீட்டுக்கு வந்து நாற்காலி மேசைகளைப் படை வீரர்களாக வரிசை கட்டி நிறுத்தி மறுபடியும் சண்டை போடுகிறாள். சிரிப்பில் அவள் ஈரல் பூரிக்கிறது. அப்புறம் கை கழுவிவிட்டு நாற்காலிகளை எடுத்து அதனதன் இடத்தில் வைக்கிறாள். (எனக்கு இந்தக் கடைசி விவரம் ரொம்பப் பிடிக்கும். எழுதினவன் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கணும்.)

சங்கீதம் 68ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் கால் நனைகிற ரத்தம் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று தெரிகிறது. அந்தச் சங்கீதம் எபிரேயத்தில் மிகக் கஷ்டமானவற்றில் ஒன்று. வரிக்கு வரி சந்தேகம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்பிரைட், இது ஒரே பாட்டே இல்லை, பல பழைய பாடல்களின் முதல் வரிகளை வரிசையாகக் குறித்து வைத்த பட்டியல் என்று 1950 வாக்கில் வாதிட்டார். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை, ஆனால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரிகிறது.

ரத்தத்தில் நனைகிற அந்த வரியிலேயே ஒரு எழுத்துப் பிரச்சினை இருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்திருக்கிற எபிரேயப் பாடத்தில் அங்கே இருக்கிற வினை மாஹட்ஸ், அதாவது நொறுக்குதல். "கால் ரத்தத்தில் நொறுக்கும்" என்பது சரியாகப் பொருந்தவில்லை. அதனால் பலரும் ஒரு எழுத்தை மாற்றி ராஹட்ஸ், அதாவது கழுவுதல், என்று திருத்திப் படிக்கிறார்கள். சங்கீதம் 58இல் அதே படிமத்துக்கு ராஹட்ஸ்தான் இருக்கிறது. ஒரு எழுத்தில் நொறுக்குவதும் கழுவுவதும் இடம் மாறுகின்றன. ரெண்டு வசனத்துக்கு முன்னால் அதே சங்கீதத்தில் மாஹட்ஸ் சரியான இடத்தில் வந்திருக்கிறது. அங்கே கடவுள் எதிரியின் தலையை நொறுக்குகிறார். படி எடுத்தவரின் கண் மேலே போய்விட்டு வந்திருக்கலாம்.

இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எபிரேய பைபிளின் மூலப் பாடம் சொல் சொல்லாகக் குறியிடப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மாஹட்ஸ் வினை எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். 14 இடங்கள். பதினான்கும் கவிதை. உரைநடையில் ஒரு இடம்கூட இல்லை! போரையும் கொலையையும் பக்கம் பக்கமாகச் சொல்கிற யோசுவா, சாமுவேல், இராஜாக்கள் உரைநடைப் பகுதிகளில் இந்தச் சொல் தேவைப்படவே இல்லை. அனாத் சண்டை போடுகிற உகாரித் வரியில் இதே வேர்தான் வருகிறது. ஆக இது அன்றாடப் பேச்சில் புழங்கின சொல் இல்லை. பாட்டுக்கென்று, அதுவும் தெய்வத்தின் போர்ப் பாட்டுக்கென்று, பழைய காலத்திலிருந்து ஒதுக்கி வைத்த சொல்.

சரி, நொறுக்குவது யார்? 14 இடங்களையும் ஒரு அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். உபாகமம் 32, 33, ஆபகூக் 3, யோபு 5, யோபு 26, சங்கீதம் 68, 110: பெரும்பாலும் கடவுள். யோபு 26இல் நொறுக்கப்படுவது மனிதர்களே இல்லை, ராகாப் என்கிற கடல் பூதம். பிலேயாம் பாட்டில் ரெண்டு இடம்; அதில் ஒன்று வரப்போகிற ஒரு ஆட்சியாளன் மோவாபை நொறுக்குவது. சங்கீதம் 18இலும், அதே பாட்டு திரும்ப வருகிற 2 சாமுவேல் 22இலும் ராஜா, "நான்" என்று தன்னிலையில். மிச்சம் ஒன்றே ஒன்று. நியாயாதிபதிகள் 5:26. அங்கே நொறுக்குகிறவள் கேனியனான ஏபேரின் மனைவி யாகேல். கையில் வாள் இல்லை. கூடார முளையும் வேலையாட்கள் பிடிக்கிற சுத்தியலும்.

கடவுளுக்கும் ராஜாவுக்கும் மட்டும் கொடுக்கிற வினைச்சொல்லை, இஸ்ரவேலர்கூட அல்லாத ஒரு கூடாரத்துப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறான் அந்தக் கவிஞன். அல்லது கவிஞி. நான் சொன்ன ரெண்டாவது கட்டம் என்பது இதுதான்.

தெபொராளின் பாட்டு என்று பெயர் பெற்ற இந்த நியாயாதிபதிகள் 5, எபிரேயத்தில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கவிதைகளில் ஒன்று என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இதே சம்பவத்தை முந்தைய அதிகாரம் உரைநடையில் சொல்கிறது. உரைநடையில் சிசெரா களைத்து வருகிறான், யாகேல் பால் கொடுத்துப் போர்த்திவிடுகிறாள், அவன் தூங்குகிறான், அவள் மெதுவாக வந்து நெற்றிப்பொட்டில் முளையை அடிக்கிறாள். கவிதையில் தூக்கம் இல்லை. பால் வருகிறது, தயிர் பெரிய கிண்ணத்தில் வருகிறது, அடுத்த வரியில் கை முளைக்குப் போகிறது. அடிப்பதற்கு ஒரே வசனத்தில் நாலு வினைகள். விழுவதற்கு அடுத்த வசனம் முழுக்க: மடங்கினான் மூன்று தடவை, விழுந்தான் மூன்று தடவை, கிடந்தான் ஒரு தடவை. அவளுடைய கால்களுக்கு நடுவில். படுத்திருந்தவன் எப்படி மடங்கி விழுவான் என்று உரைநடைக்காரருக்கும் சந்தேகம் வந்திருக்கும் போல. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உரைநடை எழுதப்பட்டது, பாட்டின் இடைவெளிகளை நிரப்பத்தான் தூக்கம் சேர்ந்தது என்கிற கோணத்தில் பாருக் ஹால்பர்ன் 1980களில் எழுதியிருக்கிறார். எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.

இந்த மெதுவான விழுதல்தான் படிக்கிறவர்களைத் தொந்தரவு செய்கிறது. வேகமாக முடித்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். கவிதை நிறுத்தி, திரும்பப் போட்டுக் காட்டுகிறது. இதில் ரசனை இருக்கிறது என்பதை மறுப்பவர்கள் கவிதைக்குக் காது கொடுக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதே கவிதை வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்க. எகிப்தின் பழைய வெற்றிப் படங்களில் ராஜா மலை மாதிரி நிற்பான், எதிரிகள் அவன் பிடியில் கொத்தாகத் தொங்குவார்கள். கி.மு. 1274இல் காதேசில் நடந்த போரைப் பற்றி ராம்சேஸ் எழுத வைத்த பாட்டில், படை எல்லாம் ஓடிப்போக மன்னன் தன்னந்தனியாக எதிரிகளைத் துவம்சம் செய்கிறான். தெபொராளின் பாட்டில் ராஜாவே இல்லை. பாராக் இருக்கிறான், ஆனால் போரில் அவன் என்ன செய்தான் என்று சொல்ல ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. சண்டை போடுவது வானத்து நட்சத்திரங்கள். எதிரியை அடித்துக்கொண்டு போவது கீசோன் ஆறு. பாட்டின் ஒரு நல்ல பகுதி யார் யார் வரவில்லை என்று திட்டுவதற்குப் போகிறது: ரூபன் ஆட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தான், தாண் கப்பலை விட்டு வரவில்லை, ஆசேர் கடற்கரையை விட்டு நகரவில்லை. யூதாவின் பெயரே இல்லை. 40,000 பேரில் ஒரு கேடயமோ ஈட்டியோ தென்படவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. வெற்றிப் பாட்டில் இப்படித் தன் பக்கத்துக் குறையை யாராவது பாடுவாங்களா? மேசா பாடவில்லை. மெர்னெப்தாவுக்கு அப்படி ஒரு யோசனையே வந்திருக்காது.

யாத்திராகமம் 15உம் இதே மாதிரிதான். பாட்டுக்கு முந்தைய அறிமுக வரியில் மோசேயின் பெயர் உண்டு. பாட்டுக்குள்ளே, 18 வசனத்தில், மோசே இல்லை. பாடுகிறவர்கள் ஒரு கத்தியும் உருவவில்லை.

இப்போது தெபொராள் பாட்டின் முடிவுக்கு வருகிறேன். சிசெரா யாகேலின் காலடியில் கிடக்கிறான். அடுத்த வரியில் கவிதை திடீரென்று எதிரியின் வீட்டுக்குள் போகிறது. சிசெராவின் தாய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரதம் வர ஏன் இவ்வளவு நேரம்? அவளைச் சுற்றியிருக்கிற கெட்டிக்காரப் பெண்கள் சமாதானம் சொல்கிறார்கள், அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: கொள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு ஒன்றோ ரெண்டோ பெண்கள், சாயம் தோய்த்த துணி, பூவேலை செய்த துணி. கேட்கிற நமக்கு உண்மை தெரியும். அவளுக்குத் தெரியாது.

"பெண்கள்" என்று பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் மென்மையாக்குகிற இடத்தில் எபிரேயத்தில் இருக்கிற சொல் ரஹம். கருப்பை. ஆளுக்கு ஒரு கருப்பை, ரெண்டு கருப்பை. படை முகாமில் பேசுகிற பேச்சு அது. மேலே சொன்ன மேசா கல்லில் நேபோ ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்றதாக ஒரு கணக்கு வருகிறது. ஆண்கள், பெண்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிற அந்த வரிசையின் கடைசியில் இதே வேர்ச் சொல் வருகிறது. அடிமைப் பெண்கள் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், கர்ப்பிணிகள் என்று சிலர். போரில் பெண்ணுக்கு என்ன பெயர் என்பதில் மோவாபும் இஸ்ரவேலும் ஒரே அகராதி வைத்திருந்தன. எபிரேயத்தில் இரக்கம் என்பதற்கான சொல்லும் இதே வேரில் பிறந்தது என்பது இன்னொரு விஷயம்.

அப்படியானால் இந்தக் காட்சி பரிகாசமா, பரிதாபமா? இதில் ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகப் பிரிந்து நிற்கிறார்கள். என் கணிப்பு: முதன்மையாகப் பரிகாசம்தான், கொடூரமான பரிகாசம். நம் பெண்களைக் கருப்பை என்று எண்ணினவன் ஒரு பெண்ணின் காலடியில் கிடக்கிறான். "கிடந்தான்" என்பதற்கு இங்கே வருகிற எபிரேய வினை படுக்கைக்கும் புழங்குகிற வினை. யாகேலின் சுத்தியலுக்கு நியாயம் கவிதையின் கடைசியில்தான் வருகிறது, அதுவும் எதிரியின் தாய் வாயால். இது நியாயமான வாதமா என்று கேட்டால், இல்லை. அந்தத் தாய் அப்படி நினைத்தாள் என்பதற்கு இஸ்ரவேல் கவிஞனின் வார்த்தையைத் தவிர சாட்சி கிடையாது. எதிரி வீட்டுப் பெண்களைக் கல்நெஞ்சக்காரிகளாகக் காட்டுவது எல்லா யுத்தப் பிரச்சாரத்திலும் உள்ள பழைய வித்தை.

ஆனால் வித்தைக்கு ஒரு விலை உண்டு. பரிகாசம் செய்வதற்காகவாவது கவிஞன் அந்த ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டியிருந்தது. நேரமாகிறதே என்ற கவலையை அவள் வாயில் வைக்க வேண்டியிருந்தது. மெர்னெப்தா கல்லில் இஸ்ரவேல் தாய் ஒருத்திக்கும் ஜன்னல் கிடையாது. லாகீஸ் சிற்பத்தில் பெண்கள் உண்டு, அவர்கள் எதையும் பேசுவதில்லை. இந்தக் கவிதையில் எதிரியின் தாய்க்கு வரிகள் கிடைத்துவிட்டன. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. கவிஞன் நினைத்ததற்கு நேர்மாறாகப் படிக்கிற வழியும் அங்கேயே திறந்துவிட்டது.

இந்த வாசிப்பை எல்லாப் பாட்டுக்கும் நீட்ட முடியாது என்பதையும் சொல்லணும். சங்கீதம் 18இல் ராஜா எதிரிகளைத் துரத்தி, தூளாக இடித்து, தெருச் சேறு மாதிரி எறிகிறான். பெயரை மாற்றி அசீரிய மொழியில் எழுதினால் சனகெரிப்பின் ஆட்கள் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே விலகல் எதையும் நான் காணவில்லை. சங்கீதம் 110உம் கிட்டத்தட்ட அப்படியே.

சங்கீதம் 137 வேறு கதை. பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிற பாட்டு. இதை வெற்றிப் பாட்டோடு சேர்க்கிறவர்கள் உண்டு, சேர்க்கக் கூடாது. வெற்றியே இல்லை அங்கே. கி.மு. 587 அல்லது 586இல் எருசலேம் எரிந்தது, நாடு கடத்தப்பட்டவர்கள் பாடுகிறார்கள். குழந்தைகளை மோதுவது அவர்கள் கற்பனையில் கண்டுபிடித்தது இல்லை. பிடிபட்ட நகரங்களில் நடக்கிற காரியமாக ஓசியா, நாகூம், 2 இராஜாக்கள் எல்லாம் அதைச் சொல்கின்றன. "எங்களுக்குச் செய்ததை உனக்கும்" என்பதுதான் அந்த வரிகளின் கணக்கு. கி.மு. 539இல் கோரேசின் படை பாபிலோன் நகரத்துக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது என்று பாபிலோனிய வரலாற்றுப் பலகை சொல்கிறது. அந்த விருப்பம் நிறைவேறவே இல்லை. பாட்டு மட்டும் மிஞ்சியது.

ஆயுதம் இல்லாதவன் பாடின பாட்டு ஆயுதம் உள்ளவன் கையில் போனால் என்ன ஆகும்? இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. ஏசாயாவின் திராட்சை ஆலையை எடுத்துக்கொண்டு வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரம், ஆலையிலிருந்து குதிரைகளின் கடிவாளம் மட்டும் ரத்தம் பெருகியதாக எழுதியது. அது தரிசனம், படிமம். 1099இல் சிலுவைப் போர்ப்படை எருசலேமைப் பிடித்தபோது கூடவே இருந்த ரேமண்ட் என்ற பாதிரியார், ஆலயப் பகுதியில் முழங்காலும் கடிவாளமும் எட்டுகிற அளவு ரத்தத்தில் வீரர்கள் போனதாகப் பெருமையோடு எழுதி வைத்தார். கண்ணால் பார்த்ததை எழுதவில்லை அவர், வசனத்தை எழுதினார். கொலை மட்டும் உண்மை. நடந்த படுகொலையைத் தீர்க்கதரிசனத்தின் வார்த்தையில் எழுதிவிட்டால் அது படுகொலையாகத் தெரியாது. படிமத்தின் ஆபத்து எனக்குப் புரிந்த அளவில் இதுதான்: தூண்டுவதைவிட, நடந்ததற்கு வெள்ளையடிப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது.

சங்கீதம் 68க்கும் இப்படி ரெண்டு வாழ்க்கை. பிரான்ஸில் துன்புறுத்தப்பட்ட ஹியூகனாட் புராட்டஸ்டண்டுகள் அதைப் போர்ச் சங்கீதம் என்றே அழைத்தார்கள். 1650இல் டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை கிராம்வெல் உடைத்தபோது, சூரியன் உதிக்கிற நேரத்தில் அதே சங்கீதத்தின் முதல் வரியைச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஒரே வரிதான். ஒளிந்து வாழ்கிறவன் வாயில் அது மூச்சு, தளபதி வாயில் அது உத்தரவு.

அப்படியானால் வெட்டிவிடலாமா? கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் வெளியிட்ட புதிய மணிநேர ஜெபப் புத்தகத்தில் அதைச் செய்தார்கள். 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுசாக நீக்கம். 137இன் கடைசி மூன்று வசனங்கள் நீக்கம். ஜெபிக்கிறவர்களுக்கு உளவியல் சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணம். சிரமம் உண்மை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 110இல் என்ன செய்தார்கள் என்று பாருங்க: பிணங்கள் வருகிற ஆறாம் வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு, வலதுபுறம் உட்காரும் ராஜாவையும் செங்கோலையும் வைத்துக்கொண்டார்கள். சிம்மாசனம் இருக்கும், அதன் அடியில் கிடப்பது மட்டும் தெரியாது. பாட்டை எழுதினவன் இதைவிட நேர்மையானவன்.

யூத மரபு எதையும் வெட்டவில்லை. பக்கத்தில் இன்னொன்றை எழுதி வைப்பது அவர்கள் வழி. எகிப்தியர் கடலில் மூழ்கும்போது தேவதூதர்கள் பாடத் தொடங்கினார்களாம். என் கைப்படைப்புகள் தண்ணீரில் செத்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பாட்டா என்று கடவுள் தடுத்தாராம். தல்மூதில் வருகிற இந்தக் கதை பலருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே தல்மூதில் புத்தாண்டுப் பண்டிகையைப் பற்றிய பகுதியில் வருகிற ஒரு சட்ட விவாதம்.

புத்தாண்டு அன்று ஆட்டுக்கடாக் கொம்பை ஊதவேண்டும். தெருவா என்கிற ஒலியை எழுப்பவேண்டும் என்பது விதி. அந்தத் தெருவா எப்படி ஒலிக்கணும்? அரமாய மொழிபெயர்ப்பில் அதற்கு யெபாபா, புலம்பல் என்று போட்டிருக்கிறது. புலம்பல் என்றால் எந்த மாதிரிப் புலம்பல்? அந்த வேரில் ஒரு வினை பைபிளில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். சிசெராவின் தாய் ஜன்னலில் நின்று புலம்பினாள் என்ற வரியைக் கண்டுபிடிக்கிறார்கள். எதிரியின் தாய் எப்படி அழுதிருப்பாளோ, கொம்பு அப்படி ஒலிக்கவேண்டும். அவள் நீளமாக முனகி அழுதாளா, விட்டு விட்டு விம்மி அழுதாளா என்பதில் ரெண்டு கருத்து வந்து தீர்வு கிடைக்கவில்லை. செசரியா ஊர் ரபி அபாஹு ரெண்டையும் ஊதிவிடச் சொல்லி ஏற்பாடு செய்தார். அதனால் இன்றைக்கும் புத்தாண்டு அன்று முனகலாக ஒரு முறை, விம்மலாக ஒரு முறை, முனகி விம்முவதாக ஒரு முறை என்று மூன்று விதமாகவும் ஊதுகிறார்கள்.